டம்ளர் தட்டும் வீடு

ஜூலை 3

என் அருமை மருமகள் டொக்குவுக்கு,

ஐஸ் பாக்டரியின் ஆணிவேரும், உன் அம்மாவின் ஒரே தம்பியும், எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்த வகையில் மொத்தம் ஒன்பது வருடப் படிப்பாளியுமான உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் கல்லுக்குண்டாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பு, உன் பசி, உன் தூக்கம் மூன்றும் எப்படி என்று தனித்தனியாக எழுதவும்.

நீ ரயிலேறிப் போன பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. வண்டி நகர்ந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு சார் அந்தப் பொண்ணு? ஜன்னல்ல பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, பெரிய படிப்பு படிக்கப்போற முகம்" என்றார். பக்கத்தில் நின்ற உன் அப்பா, அவர் மணி என்ன என்றுதான் கேட்டார் என்கிறார். மணியும் கேட்டார். நான் மறுக்கவில்லை.

உன் ஹாஸ்டல் தோழிகளுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவாய் என்பது தெரியும். அவர்களுக்கு விளங்க வேண்டுமே என்பதற்காக நம் வீட்டுச் சட்டத்தையும் எழுதிவிடுகிறேன். சாப்பிடும்போது யார் எதைச் சொன்னாலும், நம்பாதவர் டம்ளரை இரண்டு தட்டு தட்டலாம். டொக் டொக். சொன்னவர் மறுநாள் சாப்பாட்டுக்குள் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் தட்டினவர் பாத்திரம் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சொன்னவர். தீர்ப்பு உன் அப்பாவுடையது. பகல் முழுக்க பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தும் கண்டக்டர் என்பதால், வீட்டில் அவருக்கு இரண்டே வார்த்தை. "சரி." இல்லாவிட்டால், "கழுவு." ஸ்பூனைப் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து நீ தட்டித் தட்டி, நான் கழுவிக் கழுவி, உன் பெயரே டொக்கு என்றாகிவிட்டது.

நேற்று சாப்பிடும்போது, நின்றுபோன கம்ப்ரசரை நான் காதை வைத்துக் கேட்டே சரி செய்ததையும், அது என்னிடம் நன்றி சொன்னதையும் விவரித்தேன். உன் அம்மா, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள். உன் அப்பா யாரும் தட்டாமலேயே "சரி" என்றார். ஆக, ஜெயித்துவிட்டேன்! ஜெயித்தவன் கழுவ வேண்டியதில்லை. இருந்தாலும் கழுவினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிக்கப்போகும்,
மாமா

ஜூலை 18

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. பசி அதிகமாக இருக்கிறது. தூக்கம்தான் கொஞ்சம் குறைவு, அறைத்தோழி தூக்கத்தில் சூத்திரம் சொல்கிறாள். அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? தையல் கடையில் நாள் முழுக்க குனிந்தே உட்காராமல் நடுவில் எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

அறைத்தோழி ஒரு டாக்டர் வீட்டுப் பெண். முதல் நாளே, "உங்க வீட்ல எவ்ளோ புக்ஸ் இருக்கு?" என்று கேட்டாள். "ஒரு டெலிபோன் டைரக்டரி இருக்கு. அதுவும் பக்கத்து வீட்டோடது" என்றேன். ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

இங்கே லைப்ரரி இரண்டு மாடி. முதல் வேலையாக எதிரொலி பற்றித் தேடிப் படித்தேன். காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் சம்பளத்துக்கு ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறான் என்று சொன்னீர்களே, நான் டார்ச் எடுத்துக்கொண்டு ஏறிப் பார்த்தேனே, அப்பா "கழுவு" என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? ரேடியோவுக்குள் இருப்பவர்களுக்கு நீங்கள் டீ கொடுத்த கதையையும் சரிபார்த்துவிட்டேன். அதற்கும் நீங்கள்தான் கழுவ வேண்டும்.

இயற்பியலுக்கு ஒரு மேடம் வருகிறார். வெயிலோ மழையோ, வகுப்புக்குள்கூட கையில் குடை. குடை மேடம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வருடக் கடைசியில் முதல் வருட மாணவர்களில் நாலு பேரை மட்டும் தன் லேபுக்கு எடுத்துக்கொள்வாராம். அவர்கள் பாடப்புத்தகத்தில் இல்லாததை எல்லாம் செய்து பார்க்கலாமாம். மாமா, எனக்கு அந்த நாலு பேரில் ஒருத்தி ஆக வேண்டும். வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் டம்ளருக்கு என் விசாரிப்புகள்.
டொக்கு

ஆகஸ்ட் 9

டொக்கு அம்மையார் அவர்களின் சமூகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழையும் நாங்களும் நன்றாக இருக்கிறோம். உன் அம்மாவின் முதுகு எழுந்து நடக்கிறது.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். அதனால் ஒவ்வொருவரிடமும், "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லித்தான் சொன்னேன். முதலாளி, மேஸ்திரி, சலூன்காரர், பக்கத்து வீட்டு டெலிபோன் டைரக்டரிக்காரர், அவ்வளவு பேர்தான். சொல்லும்போது நாலு பேரில் ஒருத்தி என்பது முதல் ஒருத்தி என்று ஆகிவிட்டது. வருடக் கடைசி என்பதும் போன வாரம் என்று ஆகிவிட்டது. வாயில் வரும்போது அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்ய?

சலூன்காரர் கேட்டார்: "வீட்ல ஒரு புஸ்தகம்கூட கிடையாது. அந்தப் பொண்ணுக்கு எப்படிய்யா இவ்ளோ படிப்பு ஆசை?"

நான் கண்ணாடியில் என் முகத்தையே காட்டினேன். "இதோ, புஸ்தகம்."

"பாதிப் பக்கம் கிழிஞ்சிருக்கே" என்றார். பொறாமை.

முதலாளி ஒரு படி மேலே போய், நீ விடுமுறைக்கு வரும்போது பாக்டரியை உனக்குச் சுற்றிக்காட்ட வேண்டும் என்கிறார். "அவளுக்கா? ஒன்பது வயசிலேயே நான் சுத்திக்காட்டிட்டேன், உங்க பாக்டரியைப் பத்தி அவளுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து நில். இங்கே ஒரு தெருவே உன் பின்னால் நிற்கிறது.

உன் லேபில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கவும்.
மாமா

செப்டம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? சாப்பாடு பரவாயில்லை. வகுப்புகள் நடக்கின்றன. எழுத நேரமில்லை, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
டொக்கு

செப்டம்பர் 22

நேரமில்லாத பெரிய மனுஷிக்கு,

உன் கடிதத்தைப் படிக்க ஆன நேரத்தைவிட உறையைப் பிரிக்க அதிக நேரம் ஆனது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, உன் கடிதத்தின் நீளத்தைத் தவிர.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. குடை மேடம் உன்னை விடாமல் வேலை வாங்குகிறார். "டொக்கு, நீ இல்லாம இந்த லேப்ல ஒரு விளக்குகூட எரியாது" என்கிறார். நீ அடக்கமான பெண் என்பதால் எழுதவில்லை. நானே ஊகித்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாதான் நாலு வரியை எடுத்துவைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கிறாள். "எழுத்து சின்னதாயிடுச்சு பாரு" என்கிறாள். பேனா முனை கூராக இருந்திருக்கும் என்றேன். டம்ளரைத் தட்டினாள். வருடக்கணக்காக உன் அம்மா தட்டி நான் பார்த்ததில்லை. என்ன நிரூபிப்பது என்று தெரியாமல் நேராகப் போய்க் கழுவிவிட்டேன்.

உன் அப்பாவும் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். உனக்கு ஏதோ எழுத வேண்டும், ஒரு தபால் அட்டை கொடு என்று மட்டும் கேட்டார். அவர் அட்டை வாங்கி இதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்ன எழுதப்போகிறாரோ! இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதினால் எனக்குத் தந்தி அடி.

பெரிய கடிதம் எதிர்பார்த்து, பெரிய உறையோடு,
மாமா

செப்டம்பர் 27

மகளுக்கு,

நலம் என்று எழுதியிருக்கிறாய்.

டொக் டொக்.

அப்பா

அக்டோபர் 8

மாமாவுக்கு,

அப்பாவின் அட்டை வந்தது. இனி மறைக்க முடியாது. அப்பாவுக்கு எழுத தைரியம் இல்லை, உங்களுக்கே எழுதுகிறேன். உங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் குடை மேடம் வகுப்புக்கு ஒரு ஐஸ் கட்டி கொண்டுவந்தார். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, நடுவில் மட்டும் வெள்ளை. "நடுவுல ஏன் வெள்ளை? தண்ணியில கரைஞ்சிருக்கற காத்து, உறையும்போது வெளிய போக வழியில்லாம மாட்டிக்குது" என்றார்.

என் கை தானாகப் போய்விட்டது மாமா. தண்ணீர் பாட்டிலில் பேனாவால் டொக் டொக்.

மேடம் திரும்பிப் பார்த்தார். "என்ன சத்தம்?"

எழுந்து நின்றேன். "எங்க வீட்ல இதுக்கு, நிரூபிங்கன்னு அர்த்தம் மேடம்."

சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "உன்கிட்ட வேற பதில் இருக்கா?"

"இருக்கு மேடம். உப்பு."

"உப்பா? யார் சொன்னா?"

"எங்க மாமா. அவர் ஐஸ் பாக்டரியில இருக்கார்."

அப்போது சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மேடம் கையைக் காட்டி அடக்கினார். "சரி, வா. நீயே நிரூபி" என்றார். சுத்திகரித்த தண்ணீரில் செய்த கட்டி அது. நடுவெள்ளையை மட்டும் உடைத்து எடுத்து, கிண்ணத்தில் போட்டு, காய்ச்சி வற்ற வைக்கச் சொன்னார். வற்றியது. கிண்ணம் பளபளவென்று இருந்தது. வகுப்பே எட்டிப் பார்த்தது. ஒரு துளி உப்பு இல்லை.

மேடம் என்னைத் திட்டவில்லை. "கிண்ணத்தைக் கழுவி வெச்சுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். அங்கே எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனால் எனக்கு அது எப்படிக் கேட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

அதிலிருந்து என் பெயர் உப்பு. "உப்பு, இன்னைக்கு மாமா என்ன சொன்னார்?" என்று வராந்தாவில் கேட்கிறார்கள். ஐந்து வாரமாக அந்த வகுப்புக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் அறையில் உட்கார்ந்து துணி துவைக்கிறேன். துவைக்கத் துணியில்லாத நாளில் துவைத்ததையே துவைக்கிறேன்.

மாமா, நீங்கள் சொன்ன எத்தனையோ பொய்களை நான் பிடித்திருக்கிறேன். இதை ஏன் பிடிக்கவில்லை தெரியுமா? நீங்கள் பொய் சொன்னால் நீளமாகச் சொல்வீர்கள். நடுவில் ஒரு மந்திரி வருவார், ஒரு யானை வரும். அன்றைக்கு பாக்டரியில், ஒன்பது வயதில், நடுவில் ஏன் வெள்ளை என்று கேட்டேன். ஐஸ் டின்கள் நிற்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "உப்பு" என்றீர்கள். ஒரே வார்த்தை. அதனால் நம்பினேன்.

டாக்டர் வீட்டுப் பெண் சந்தேகம் வந்தால் அவள் அப்பாவுக்கு எழுதுகிறாள். பதில் வருகிறது. பதில் சரியாகவும் இருக்கிறது. நம் வீட்டில் நான் கற்றுக்கொண்டதில் எது உண்மை, எது உப்பு என்றே இப்போது தெரியவில்லை. இந்தப் பருவம் முடிந்ததும் மூட்டை முடிச்சோடு வந்துவிடுகிறேன். அம்மாவின் தையல் கடையில் கவுண்டருக்கு ஆள் வேண்டும் என்றார்களே, கேட்டு வையுங்கள்.

டொக்கு

நவம்பர் 2

என் கண்ணு பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். எனக்கு உன் மாமா மாதிரி ஜோடிச்சு எழுத வராது. பேசற மாதிரிதான் வரும், பொறுத்துக்கோ. சாப்பிட்டியா? நாங்க எல்லாரும் இருக்கோம்.

உன் கடிதத்தை மாமா எங்ககிட்ட காட்டல. அப்பாதான் அவன் சட்டைப் பையிலேருந்து எடுத்துப் படிச்சார். என்கிட்டயும் குடுத்தார்.

நீ வந்தா வா. உன் கட்டில் அப்படியே இருக்கு. கடையில கேட்டுட்டேன், கவுண்டர் வேலை இருக்கு. அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் கிடையாது, அம்மா சாப்பிடற சோறு அந்தக் கடைச் சோறுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ.

நான் படிக்கறப்போ டீச்சர் ஏதோ சொன்னாங்க. "அது எப்படி டீச்சர்?"னு கேட்டேன். வேணும்னு கேக்கல, தெரியாமதான் கேட்டேன். வெளிய முட்டி போடச் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் எதையும் கேக்கல. கேக்காம உக்காந்திருந்தா படிப்பு எங்கேருந்து ஏறும்? நின்னுபோச்சு. நீ பிறந்ததும் உங்கப்பாகிட்ட சொன்னேன், இந்த வீட்ல யார் சொன்னாலும், நானே சொன்னாலும், இந்தப் பொண்ணு 'எப்படி?'னு கேக்கணும், யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாதுன்னு. டம்ளர் தட்டற சட்டம் அப்படி வந்ததுதான். மாமா தான் கண்டுபிடிச்சதா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கான், சொல்லட்டும்.

தோத்தா பாத்திரம்தான் கழுவணும். உங்க மாமா எத்தனை தடவை கழுவியிருக்கான்! ஒரு நாளாவது மறுநாள் பேசாம இருந்திருக்கானா?

இப்பத்தான் பேசல. உன் கடிதம் வந்ததுலேருந்து வாயே திறக்காம சாப்பிடறான். எனக்கு பயமா இருக்கு. வேலை முடிஞ்சு வர்றப்போ கோணிப் பையில ஐஸைச் சுத்தி எடுத்துட்டு வர்றான். அடுப்பை அவனே பிடிச்சுக்கறான். என் பால் பாத்திரத்தை எடுத்துட்டான், கேட்டா "தொடாதே அக்கா"ங்கறான். பக்கத்துல போனா கையை நீட்டி மறைக்கறான். என்ன கூத்துன்னு தெரியல.

உடம்பைப் பார்த்துக்கோ. துவைச்சதையே துவைக்காதே, துணி நைஞ்சுபோயிடும்.

அம்மா

நவம்பர் 11

டொக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத எதுவும் இருக்கவில்லை.

உப்பு என்று நான் சொன்னது பொய் இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தண்ணீரை ஐஸாக்கும் தகர டின்கள், குளிரவைத்த உப்புத்தண்ணீரில்தான் நாள் முழுக்க நிற்கின்றன. அந்த உப்பு எப்படியோ நடுவுக்குப் போகிறது என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். அதை நான் சரிபார்த்ததே இல்லை.

இப்போது பார்த்தேன். பெரிய கட்டியின் ஓரத்திலிருந்து கண்ணாடி மாதிரி இருந்த ஐஸை உடைத்து எடுத்தேன். உருக்கி, ஒரு டம்ளர் அளந்து, பால் பாத்திரத்தில் வற்ற வைத்தேன். பாத்திரத்தின் அடியில் லேசாக ஒரு மங்கல் இருந்தது. பாத்திரத்தை நன்றாகக் கழுவித் துடைத்தேன். அடுத்து நடுவெள்ளையிலிருந்து அதே டம்ளர் அளவு எடுத்து வற்ற வைத்தேன். இந்த முறை அடியில் வெள்ளையாகப் பொடி படிந்தது. நகத்தால் சுரண்டினால் வருகிறது.

நீ சின்ன வயதில், "இன்னொரு தடவை காட்டுங்க மாமா" என்பாய். அதனால் மறுநாள் வேறு கட்டியில் செய்தேன். அதற்கு மறுநாளும் செய்தேன். அப்படியேதான் வந்தது.

பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. தொட்டித் தண்ணீர் எனக்குத் தெரியும், நாக்கை அறுக்கும். இது சுண்ணாம்பு மாதிரி சப்பென்று இருக்கிறது. ஆகவே என் உப்பு இல்லை. உன் மேடம் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.

ஆனால் பொடி இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் நிறைய. ஒரே தண்ணீர், ஒரே டின். அது ஏன் நடுவுக்குப் போகிறது?

எனக்குத் தெரியவில்லை.

பொடியைக் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். அதில் எதுவும் கலக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்டு எழுது.

மாமா

டிசம்பர் 4

என் அன்பு மாமாவுக்கு,

உடம்பு, பசி, தூக்கம் மூன்றும் நலம். மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு மந்திரி இல்லை, ஒரு யானை இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதிய வரியில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. டாக்டர் வீட்டுப் பெண் பயந்துபோய், "வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டாள். "எங்க மாமாவுக்கு ஒரு விஷயம் தெரியலையாம்" என்றேன். அதற்குமேல் அவளுக்கு விளக்க முடியவில்லை.

மறுநாள் பொடியை எடுத்துக்கொண்டு குடை மேடம் அறைக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன்.

"இத்தனை நாளா எங்க போயிருந்தே?"

காகிதத்தை மேஜையில் பிரித்து வைத்தேன்.

"இது என்ன?"

"தெரியல மேடம். எங்க மாமாவுக்கும் தெரியலையாம்." உங்கள் கடிதத்தையும் நீட்டினேன்.

நின்றுகொண்டே படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். "மூணு நாள் செஞ்சு பார்த்திருக்கார். பாத்திரத்தைக் கழுவிட்டு செஞ்சிருக்கார். என் பசங்க பாதிப் பேர் கழுவறதில்ல" என்றார்.

"இது ஏன் நடுவுக்குப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"என்ன மேடம்?"

"சொல்லமாட்டேன்" என்றார். குடையின் முனையால் லேப் கதவைக் காட்டினார். "போ."

தினமும் சாயங்காலம் போனேன். தண்ணீரில் நீல மை ஒரு சொட்டு விட்டு உறைய வைத்தேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு மாமா! ஓரத்தில் துளி நீலம் இல்லை, எல்லா நீலமும் நடுவில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. ஐஸ் வெளியிலிருந்து உள்ளே உறைந்துகொண்டே வருகிறது. தண்ணீருக்கு மட்டும்தான் அதில் சீட். காற்று, சுண்ணாம்பு, மை, யாராக இருந்தாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தள்ளுகிறது. கடைசியில் எல்லாம் நடுவில் நெரிசலாக மாட்டிக்கொள்கின்றன. உங்கள் பொடி, தண்ணீரிலேயே முதலில் இருந்தது. தொட்டியிலிருந்து வந்ததல்ல.

மேடத்திடம் சொன்னேன். குடையை மேஜைமேல் வைத்துவிட்டார். அவர் குடையைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"நான் காத்துன்னு சொன்னேன். காத்து மட்டும்னு எப்போ சொன்னேன்? அன்னைக்கு நீ தட்டினது தப்பில்ல. தட்டிட்டு ஓடிப்போனியே, அதுதான் தப்பு."

நாலு பேரில் ஒருத்தி ஆவேனா என்று தெரியாது. அது வருடக் கடைசியில்தான். ஆனால் லேப் ஜன்னலோரம் எனக்கு ஒரு ஸ்டூல் இருக்கிறது. இன்னும் உப்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்று வேதியியல் வகுப்பில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் டாக்டர் வீட்டுப் பெண்!

விடுமுறைக்கு வருகிறேன். விடுமுறை முடிந்ததும் திரும்பிவிடுவேன். கவுண்டருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரைப் பற்றித்தான் மேலே மேலே படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நான் நலம் மாமா.

டொக்கு

டிசம்பர் 12

உலகத் தண்ணீருக்கெல்லாம் அதிபதியாகப்போகும் என் மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் சௌக்கியத்துக்கு இப்போது அளவே இல்லை. உன் அம்மாவுக்கு முதுகு, பால் பாத்திரம் இரண்டும் திரும்பக் கிடைத்தன. பாத்திரத்தின் அடி கொஞ்சம் கறுத்திருக்கிறது. அது விஞ்ஞானம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சொல்லலாம் என்று நீ அனுமதி கொடுத்ததால் முறைப்படி தெருவுக்கு அறிவித்தேன். நடுவெள்ளைப் பொடியை நானும் நீயும் சேர்ந்து கண்டுபிடித்தோம். குடை மேடம் என் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தினமும் அதற்குக் கீழே நின்றுதான் பாடம் எடுக்கிறார். ஒரு மந்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார். யானையும் வருவதாக இருந்தது, வாசல் பற்றவில்லை.

சலூன்காரர் கத்தரியால் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு தட்டு தட்டினார். நம் வீட்டுச் சட்டம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நீங்கதானே வருஷக்கணக்கா முடி வெட்டிக்கற சாக்குல சொல்லிட்டிருக்கீங்க" என்கிறார். நிரூபிக்க உன்னை விடுமுறையில் அங்கே அழைத்துப் போக வேண்டும். அதுவரை அவர் கடை டீ டம்ளர்களை நான்தான் கழுவுகிறேன்.

மேஸ்திரியும் நானும் இப்போது காற்றுக்குழாய் போட்ட டின்னில் வரும் கட்டி ஏன் நடுவிலும் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சண்டை போடுகிறோம். காற்றுதான் வெள்ளை என்றால், காற்று ஊதின கட்டி அல்லவா இன்னும் வெள்ளையாக இருக்க வேண்டும்? என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. மிக நீளமான பதில். அதனால் அதை நீ நம்ப வேண்டாம். வந்து பார்.

நேற்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். பஸ் கூட்டம் பற்றிய இடத்தை உன் அம்மா இரண்டாம் தரம் படிக்கச் சொன்னாள். உன் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். முதலிலிருந்து அவரே படித்தார். கடைசியில், 'நான் நலம் மாமா' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றார். டம்ளர் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. உன் அம்மா டம்ளரையே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கை அங்கே போகவில்லை. கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி" என்றார்.

எல்லாப் பாத்திரத்தையும் நான்தான் கழுவினேன்.

உன் ரயில் வரும் நேரத்தை மட்டும் எழுது, ஸ்டேஷன் மாஸ்டருக்கு நானே சொல்லிவிடுகிறேன்.
மாமா